நல்ல தண்ணி கேட்ட செடி

"இதென்னடா, உன் பல்லு மாதிரியே ஆயிடுச்சு?"

ஹாலைப் பெருக்கிக்கொண்டே வந்த அம்மா, ஜன்னலோரம் நின்று, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் கலேத்தியா செடியின் இலை ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். வெள்ளையும் பச்சையும் தீற்றித் தீற்றி வரைந்தது போன்ற இலை. அதன் நுனியிலிருந்து ஓரத்தோடு ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. கோட்டுக்கு உள்பக்கம் நூல் கனத்தில் மஞ்சள். அம்மா சொன்னது அப்படியே உண்மை. என் முன்பற்களிலும் அதே வரிசைதான்: முதலில் வெள்ளை, அப்புறம் மஞ்சள், அப்புறம் பழுப்பு.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பாறை அப்படி. நைஸ் என்கிற வரிப்பாறையிலும் கருங்கல்லிலும் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. மழை குறைவு, போர்க்கிணறு ஆழம். தண்ணீர் பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் கிடக்கிறது. கிடக்கக் கிடக்க புளோரைடு அதில் இறங்குகிறது. ஈறுக்குள்ளே பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் சரியாகக் கட்டாது. பல் வெளியே வரும்போதே கறையோடு வரும். தேய்த்தால் போகாது.

நான் பிறந்தது 1986-ல், பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அடிபம்புத் தண்ணீர்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இதே பல் என்பதால் யாருக்கும் இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்த அன்று பக்கத்துக் கட்டில்காரன், "பாக்கு போடுவியா மச்சான்?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் முதல்முதலாக வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினேன். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோவில்கூடப் பல் தெரியாது.

சரி, செடிக்கு வருவோம்.

அதை வாங்கியது ஓசூரில். தருமபுரியிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்தான் ஓசூர், ஆனால் காற்று வேறு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். நாங்கள் அதில் பாதி. பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்து ஏற்றுமதி செய்கிற ஊர். அங்கே ஒரு நர்சரியில், நிழல்வலைக்கு அடியில், ஒரு மூலையில் இது இருந்தது. கலேத்தியா வொயிட் ஃப்யூஷன். நான்கு இலை. மேலே பளிங்கில் பச்சை மை சிந்தியது போல. திருப்பினால் அடியில் கத்தரிப்பூ நிறம். விலை 1,400 ரூபாய். அம்மாவிடம் 150 என்று சொன்னேன். (பிறகு அக்கா மகள் போனில் தேடி உண்மையைப் போட்டு உடைத்தாள். "இந்த நாலு இலைக்கா? வாழையிலைக் கட்டே அவ்ளோ விலை விக்காதேடா" என்று அம்மா சொன்னதோடு அது முடிந்தது.)

பணம் கொடுக்கும்போது நர்சரிப் பையன், "சார், உங்க ஊர்ல கேன் தண்ணி ஊத்துங்க" என்றான். நான் சிரித்துவிட்டேன். நாங்களே குடிக்காத கேன் தண்ணியைச் செடிக்கு ஊற்றுவதா? அவன் சிரிக்கவில்லை.

ரயிலில் மடியில் வைத்துத் துண்டால் மூடிக் கொண்டுவந்தேன். ராயக்கோட்டையில் ஏறிய பாட்டி ஒருவர் துண்டை விலக்கிப் பார்த்து, "கல்வாழையா கண்ணு?" என்றார். இல்லை பாட்டி, இது பிரேசில் செடி என்றேன். ஆனால் பாட்டி சொன்னதில் பாதி சரி. கல்வாழை, வாழை, மஞ்சள், இஞ்சி எல்லாம் இதற்குப் பங்காளி முறை. இன்னும் நெருங்கிய சொந்தம் கூவைக்கிழங்கு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அரோரூட் மாவில் கஞ்சி காய்ச்சுவோமே, அந்தக் கிழங்கின் குடும்பம்தான் கலேத்தியாவும். சொல்லப்போனால் இப்போது அதன் பெயரே கலேத்தியா இல்லை. 2012-ல் தாவரவியலாளர்கள் அந்தப் பேரினத்தில் இருந்த பெரும்பாலான இனங்களைக் கெப்பெர்ட்டியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைக்காரர்கள் யாரும் மாறவில்லை. நானும் மாறவில்லை.

அரிய செடி என்று சொல்லித்தான் விற்றார்கள். இதன் மூல இனம் கிழக்கு பிரேசிலின் மழைக்காட்டில், பெரிய மரங்களின் காலடி இருட்டில் வளர்வது. வொயிட் ஃப்யூஷன் அதிலிருந்து வந்த தோட்ட ரகம். ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்குகிறார்கள். ஆகவே உலகத்தில் அது அரிதா என்பது வேறு கேள்வி. தருமபுரியில் மே மாதம் தாண்டி உயிரோடு பார்ப்பது அரிது.

முதல் இரவே ஆச்சரியம் காட்டியது. ஏழு மணிக்கு மின்சாரம் போனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஏதோ காகிதம் நகர்வது போல மெல்லிய சத்தம். பல்லியாக இருக்கும் என்று பார்த்தால், பகலில் படுத்திருந்த இலைகள் நிமிர்ந்து, கை கூப்புவது போல மேலே சேர்ந்துகொண்டிருந்தன. கத்தரிப்பூ நிற அடிப்பக்கம் முழுக்க வெளியே தெரிந்தது. இலையும் காம்பும் சேரும் இடத்தில் கணு போல ஒரு சின்னப் புடைப்பு உண்டு. அதன் ஒரு பக்கத்துச் செல்களில் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இலை கீல் போட்ட கதவு மாதிரி அசையும். நமக்குப் புதிதும் அல்ல. தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். எங்கள் ரோட்டோரப் புளியமரமும் அந்தியில் இலை மடிக்கும். என்ன, புளியமரம் மடிக்கும்போது நாம் உட்கார்ந்து பார்ப்பதில்லை. 1,400 ரூபாய் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் நன்றாக இருந்தது. அப்புறம்தான் அந்தப் பழுப்புக் கோடு.

நான் முதலில் செய்தவை எல்லாம் தப்பு. தண்ணீர் பத்தவில்லை போல என்று அதிகம் ஊற்றினேன். பிறகு குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றினேன். அப்படி வைத்தால் குளோரின் பறந்துவிடும், புளோரைடு பறக்காது. பிறகு, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றினேன். பத்து நாளில் இரண்டாவது இலையிலும் கோடு விழுந்தது.

"காச்சினா எப்படிடா சரியாகும்?" என்றார் அம்மா. "குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறத்தானே செய்யும்?"

இந்த விஷயத்தில் நான் கேட்ட நல்ல விளக்கம் அதுதான். கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது, புளோரைடு பாத்திரத்திலேயே நிற்கிறது. லிட்டர் குறைகிறது, புளோரைடின் செறிவு கூடுகிறது. யோசித்தால் இலைக்குள்ளே நடப்பதும் குழம்பு சுண்டுவதுதான். வேர் உறிஞ்சிய தண்ணீர் தண்டு வழியாக ஏறி, இலை நரம்புகளில் ஓடி, கடைசியில் ஓரத்துக்கும் நுனிக்கும் வந்து ஆவியாகிப் போகிறது. கூடவே வந்த புளோரைடு போக வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. தினமும் துளித்துளியாகத் தேங்கி, ஒரு அளவைத் தாண்டியதும் அந்த இடத்துச் செல்கள் செத்துவிடுகின்றன. அதனால்தான் எரிச்சல் எப்போதும் நுனியிலும் ஓரத்திலும் மட்டும். நடு இலை நன்றாக இருக்கும். செத்த இடம் மறுபடி பச்சையாகாது. பல்லும் அப்படித்தான். எனாமல் ஒரே தடவைதான் கட்டும்.

எல்லாச் செடியும் இப்படிப் புகார் சொல்வதில்லை. மணி பிளான்ட் நம்ம ஆள், எதைக் கொடுத்தாலும் குடிக்கும். கலேத்தியா, டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் போன்ற சிலதான் புளோரைடைக் கண்டால் உடனே காட்டிக்கொடுக்கும்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். ஒன்று மொட்டைமாடித் தொட்டியிலிருந்து, அதாவது போர் தண்ணீர். இன்னொன்று சமையலறைக் குடத்திலிருந்து. அது தெருக்குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர். அதற்கு முன்பே நூற்றுச்சொச்சம் ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு வீடு முழுக்க முக்கி முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மொத்த உப்பின் அளவை மட்டும்தான் காட்டும். அதில் புளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மீட்டரை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர், நானும் ஒருவன். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை.

முடிவு வந்தது. குடத்துத் தண்ணீர் வரம்புக்குள் இருந்தது. போர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல். குடிநீருக்கு இந்திய தர நிர்ணயம் சொல்லும் அளவு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. கலேத்தியாவுக்கு 1 மில்லிகிராமே அதிகம்தான்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இந்தத் தண்ணீர் வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம். பல் தேய்ப்பது, வாய் கொப்பளிப்பது, தெருக்குழாய் வராத நாளில் சோறு வடிப்பது எல்லாம் இதில்தான். அக்கா மகள் பிறந்து இந்த வீட்டில்தான் தவழ்ந்தாள். அப்போதெல்லாம் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. நான்கு இலை உள்ள ஒரு செடிக்காகத் தோன்றியது.

அக்கா மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் நிதியுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் முழுப்பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடால் வரும் இந்தப் பாதிப்பு) தணிப்பு என்றும் இருக்கும். அவள் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். பால்பல் விழுந்து புதுப்பல் வந்தபோது அக்கா தினமும் டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு முன்பல்லும் பால் வெள்ளை. வாயைத் திறந்துதான் சிரிக்கிறாள்.

அப்படியானால் செடிக்கும் குடத்துத் தண்ணீரை ஊற்றவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்டுப் பாருங்கள் எங்கள் வீட்டில். "குடிக்கிற தண்ணியச் செடிக்கா?" இருபது வருஷம் இரண்டு குடத்துக்கு ஒரு மைல் நடந்த அம்மாவிடம் அதற்கு மேல் பேச முடியாது. நானும் பேசவில்லை.

கேன் தண்ணீர் கொஞ்சநாள் ஓடியது. எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டியது என்பதால் புளோரைடு பெரும்பாலும் நீங்கியிருக்கும். பிறகு கண்ணில் பட்டது அலுவலக ஏசி. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குளிரவைத்துத் துளித்துளியாக வெளியே தள்ளும் தண்ணீர்; மழைத் தண்ணீர் மாதிரி உப்பு பெரிதாக இருக்காது. பின்பக்கச் சந்தில் குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்தேன். தினமும் சாயங்காலம் இரண்டு பாட்டில் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி, வண்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். வாட்ச்மேன் அண்ணன் நாலு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள், "வீட்ல அவ்ளோ கஷ்டமா தம்பி?" என்று கேட்டார். ஏசி சர்வீஸ் பண்ணுகிற நாளில் மட்டும் பிடிக்கக்கூடாது, சுத்தம் பண்ணும் மருந்து கலந்து வரும்.

தண்ணீர் மாறியும் புது இலையில் ஒரு கடுகளவு பழுப்பு வந்துகொண்டே இருந்தது. இந்த மர்மத்தை உடைக்க இரண்டு மாதம் ஆனது. அம்மா, பாவம் செடி தேறட்டும் என்று, மாடி ரோஜாவுக்குப் போடும் சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு ஸ்பூனும், வாரம் ஒருமுறை டீச்சக்கையும் போட்டுவந்திருக்கிறார். சூப்பர் பாஸ்பேட் பாறைப் பாஸ்பேட்டிலிருந்து வருவது, புளோரைடும் ஒட்டிக்கொண்டே வரும். தேயிலைச் செடியோ மண்ணிலிருக்கும் புளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கிற ஜாதி. நான் வாசல் வழியாக நுழையவிடாத சாமானை அம்மா கொல்லை வழியாக விட்டிருக்கிறார். தொட்டியை மாற்றி, நார்க்கழிவையும் (கோகோபீட்) புதிதாகப் போட்டேன். அதையும் அப்படியே போடக்கூடாது, உப்பு இருக்கும்; நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசிப் பிழியவேண்டும். அதோடு தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி. மண் தொட்டி வேண்டாம், எங்கள் வெயிலில் அது ஒரே நாளில் காய்ந்துவிடும். சாதாரண பிளாஸ்டிக் தொட்டி போதும். உரம் என்றால் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) கரையும் உரம், பாக்கெட்டில் எழுதியிருப்பதில் கால் பங்கு, மாதம் ஒரு தடவை. விரலை ஒரு கணு அளவு உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

வெளிச்சம் பெரிய விஷயமாக இருக்கவில்லை. கிழக்கு ஜன்னல், காலை வெயில் எட்டு மணி வரை, அப்புறம் ஒரு பழைய வேட்டி திரை. வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, அது வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். அவ்வளவுதான்.

ஆனால் மார்ச் பிறந்ததும் வேறு தொல்லை. விரிய வேண்டிய புது இலை சுருட்டு மாதிரியே நின்றது. இலைகள் பகலிலும் சுருண்டன. காற்றில் ஈரம் இல்லை. இதற்கு ஒரு மிஷின் வாங்கினேன், புகை மாதிரி நீர்த்திவலை கக்குவது. போர் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டேன். மறுநாள் டிவி, சாமி படம், செடி எல்லாவற்றின் மேலும் விபூதி பூசியது போல வெள்ளைப் பொடி. தண்ணீரிலிருந்த உப்பை அப்படியே காற்றில் தூவியிருக்கிறது. அன்றோடு அதை அட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். கையில் ஸ்பிரே அடிப்பதும் வீண். பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

வழி கிடைத்தது பாலக்கோடு பக்கம், மாமாவின் பட்டுப்புழு வளர்ப்பு மனையில். எங்கள் மாவட்டம் பட்டுக்கூட்டுக்குப் பேர்போனது. தருமபுரி அங்காடிக்குக் கூடு கொண்டுவராத ஊர் சுற்றுவட்டாரத்தில் குறைவு. ஒரு விசேஷத்துக்குப் போனபோது மாமா இளம்புழு அறையைக் காட்டினார். வெளியே மதிய வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே நுழைந்ததும் முகத்தில் ஈரத்துணி போட்டது போல இருந்தது. ஜன்னல்களில் நனைத்த கோணிச் சாக்கு. தரையில் ஈர மணல். தட்டுகளைச் சுற்றி நனைத்த ஃபோம் பட்டை. சுவரில் ஒரு மரப்பலகை, அதில் இரண்டு வெப்பமானி. ஒன்று சும்மா இருந்தது. இன்னொன்றின் குமிழைச் சுற்றி, பழைய வேட்டியில் கிழித்த ஒரு திரி. திரியின் வால் ஒரு சின்னப் புட்டித் தண்ணீருக்குள்.

"இதுல எவ்ளோ மாப்ள?"

"இருபத்தெட்டு."

"ஈரத்துல?"

"இருபத்தாறு."

"ரெண்டு டிகிரிதான் வித்தியாசம். அப்படீன்னா ஈரம் எம்பத்தஞ்சு கிட்ட. வித்தியாசம் கூடக்கூட காத்து காயுதுன்னு அர்த்தம்." திரியிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாகக் காய்கிறதோ அவ்வளவு குளிரும், அதுதான் கணக்கு. புழுவுக்கு ஈரம் பிடிக்குமா மாமா என்றேன். "புழுவுக்கு இல்ல மாப்ள, தழைக்கு. வெட்டிப் போட்ட மல்பெரி தழை வாடிப்போனா குட்டிப் புழு வாய் வைக்காது."

வெட்டிப் போட்ட தழை வாடாமல் இருக்க ஒரு அறையையே கட்டி வைத்திருக்கிறார்கள். நான் வேரோடு இருக்கும் தழையைக் காப்பாற்றத் தெரியாமல் ஆன்லைனில் மிஷின் வாங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அதே மாதிரி இரண்டு வெப்பமானி கட்டினேன். ஏப்ரல் மதியம் இரண்டு மணி: சும்மா இருப்பது 36, ஈரத்திரி 22. பதினான்கு டிகிரி வித்தியாசம்! அட்டவணையில் பார்த்தால் ஈரப்பதம் 30-ஐ ஒட்டி. கலேத்தியாவுக்கு 60 வேண்டும். ஹால் முழுக்க அதைக் கொண்டுவர முடியாது, ஒரு பெட்டிக்குள் முடியும். எங்கள் வீட்டில் கண்ணாடிப் பெட்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது: ஷோகேஸ்.

ஷோகேஸ் என்பது லேசான விஷயமல்ல. அதில் அக்காவின் பேச்சுப்போட்டி ஷீல்டு, அப்பா வேளாங்கண்ணியிலிருந்து வாங்கிவந்த சங்குக் கப்பல், கல்யாணத்துக்கு வந்து ஒருநாளும் சாயாத பீங்கான் டீ செட், பேட்டரி போன தாஜ்மஹால் எல்லாம் இருந்தன. இரண்டு வாரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கீழ்த்தட்டு இரண்டும் எனக்கு என்று முடிவானது. தாஜ்மஹால் மேலே போனது. கீழே ஒரு தட்டில் கரித்துண்டு பரப்பி ஏசி தண்ணீர் ஊற்றி, அதன் மேல் கம்பி வலை, வலை மேல் தொட்டி. மேலே ஒரு எல்இடி பட்டி. கண்ணாடிக் கதவைச் சாத்தினால் ஒரு மணி நேரத்தில் 75.

பத்து நாளில் தொட்டியின் மேல் வெள்ளைப் பூசணம். மாமாவுக்குப் போன் போட்டேன். "காத்து போக வழி விட்டியா? மனையிலயும் அடைச்சே வெச்சா புழு சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து இறுகிடும் மாப்ள." பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒரு சின்ன விசிறி, நாளைக்கு நாலு தடவை பதினைந்து நிமிஷம். பூசணம் போனது.

செம்பேன் ஒருமுறை வந்தது. வெயில் காலத்தில் மரவள்ளியில் வருமே, அதே ஜாதிதான். இலையின் அடியில் மாவு தூவியது போலப் புள்ளி, காம்புக் கக்கத்தில் மெல்லிய நூலாம்படை. குளியலறையில் வைத்து ஒவ்வொரு இலையின் அடியையும் ஈரப்பஞ்சால் துடைத்தேன். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து, வெளிச்சம் போன பிறகு தடவினேன். ஐந்து நாளுக்கு ஒருமுறை என்று நாலு தடவை. முட்டை பொரிந்து பொரிந்து வருவதால் ஒரே தடவையில் விட்டால் திரும்ப வரும்.

இப்போது பதினோரு இலை. அதில் பழைய இரண்டில் பழுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. வெட்டிவிடலாமே என்கிறார்கள், பாதி இலை இன்னும் பச்சை, உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. எட்டாவது இலை விரிந்த காலையில் நுனியைத் தடவிப் பார்த்தேன். ஊசி மாதிரி, முழுசாக, வெள்ளையாக இருந்தது. அலுவலக நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு ஒரு பக்கக்கன்று கேட்டார். அதியமான் அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த ஊர் இது. நான் கொடுக்கவில்லை.

தண்ணீருக்கு நிரந்தர வழி மழைதான். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மாடியிலிருந்து ஒரு பைப் இறக்கிக் குழியில் விட்டிருந்தோம். போன புரட்டாசியில் அந்தப் பைப்பில் ஒரு கிளை பிரித்து, 200 லிட்டர் நீல டிரம் ஒன்றில் விட்டேன். முதல் மழையை வெளியே விட்டுவிடவேண்டும், மாடி கழுவிய தண்ணீர் அது. இரண்டாம் மழையிலிருந்து பிடித்தேன். வாயில் கொசு புகாமல் வேட்டித் துணி கட்டி, மேலே மூடி. ஐப்பசி நடுவில் டிரம் விளிம்பு வரை நின்றது. மீட்டரை முக்கினால் 18. செடி ஒன்று, வாரத்துக்கு ஒரு லிட்டர்கூட ஆகாது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட நாலு வருஷத்துக்கு வரும்.

கார்த்திகை கடைசியில் மூடியைத் திறந்தேன். பாதி டிரம் காலி.

ஓட்டையா என்று சுற்றிலும் தடவிப் பார்த்தேன். அடி காய்ந்திருந்தது. கட்டிய துணியின் முடிச்சு மட்டும் என் முடிச்சாக இல்லை. உள்ளே போனேன். அடுப்பில் குக்கர், பக்கத்தில் சொம்பு.

"அம்மா, டிரம் தண்ணி..."

"ரெண்டு விசில்ல பருப்பு வெண்ணெய் மாதிரி வேகுதுடா," என்றார் அம்மா, திரும்பாமலே. "இத்தன வருஷமா பருப்பு சரியில்லன்னு கடைக்காரனத் திட்டிட்டு இருந்தேன்."